வெள்ளரிக்காய்க்கு வழி செய்த குழு

மாணவர்கள் நன்றாகச் சாப்பிட்டால்தான் நன்றாகப் படிப்பார்கள் என்ற பேருண்மையைக் கல்லூரி முதல்வர் ஒரு காலையில், தன் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டு ஏப்பம் விட்டபோது கண்டுபிடித்தார். உள்ளூரில் விளைந்த நல்ல காய்கறி மாணவர் கைக்குப் போய்ச் சேர ஒரு குழு உடனே அமைந்தது. குழு என்றால் சும்மாவா? தலைவர் ஒருவர், துணைத் தலைவர் ஒருவர், இருவரும் அடித்துக்கொண்டால் விலக்கிவிட உறுப்பினர்கள்.

குழு கல்லூரியைச் சுற்றி வந்தது. பின்பக்கச் சுவரில் ஒரு ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளரித் தோட்டம். தோட்டக்கார அக்கா பறித்த சூட்டோடு பிஞ்சுகளை நீட்ட, பிள்ளைகள் வாங்கி நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இங்கே என்ன நடக்குது?” என்றார் முதல்வர்.

“வெள்ளரிக்கா சார். கடிச்சுப் பாருங்க, தண்ணியா இருக்கு” என்றான் குச்சி. பலமாகக் காற்றடித்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அதனால் அந்தப் பெயர்.

“யார் அனுமதி குடுத்தது?”

“பசி சார்.”

முறையான வழியைத் திறக்க வேண்டுமானால் முறையில்லாத வழியை முதலில் மூட வேண்டும் அல்லவா? அன்று சாயங்காலமே மேற்படி ஓட்டையைச் சிமென்ட் பூசி அடைத்தார்கள். அதன்மேல் ஒரு பலகை: ‘உள்ளூர் உணவு, உங்கள் அருகில்!’

மறுநாள் அக்கா கூடையைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தாள்.

“அடையாள அட்டை?” என்றார் காவலாளி.

“ஏன் தம்பி, நேத்துகூட என்கிட்ட வாங்கித் தின்னியே!”

“நேத்து நீங்க ஓட்டையில தெரிஞ்ச அக்கா. இது வாசல். வாசல்ல எனக்கு யாரையும் தெரியாது.”

குழு அவசரமாகக் கூடியது. அட்டை ஆசிரியருக்கு உண்டு, மாணவருக்கு உண்டு. ஆசிரியராக்கப் பட்டம் வேண்டும். ஆகவே அக்காவை மாணவியாக்குவது என்று முடிவாயிற்று.

“என்னம்மா படிச்சிருக்கீங்க?”

“கூட்டல், கழித்தல் வரும் சார்.”

“அது போதும். உள்ளே பல பேருக்கு அதுவும் வரல.”

கழுத்தில் அட்டையைப் பார்த்ததும் காவலாளி சலாம் போட்டார். ஆனால் கூடையைப் பிடித்துக்கொண்டார். மாணவர்கள் வளாகத்தில் வியாபாரம் செய்யக்கூடாதாம்.

“அப்ப நான் எதுக்குய்யா உள்ளே போறேன்?”

“படிக்கத்தான்!”

கடைசி பெஞ்சில் குச்சிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மணி அடிக்கும்வரை வெளியே விடமாட்டார்கள்; அடிக்கும்போது இருட்டிவிடும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் கொடி தெரிந்தது.

“அய்யோ, இப்பப் பறிக்கலேன்னா எல்லாம் முத்திப் போயிரும் தம்பி. வருஷத்துக்கும் நம்பியிருக்கிறது அதைத்தான்.”

“சுவர் ஏறிக் குதிச்சுரலாமாக்கா? நானும் வரேன், ரெண்டு காய் குடுங்க.”

“வேண்டாம்டா. வருகை குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்களாமே.”

“உங்களுக்கு எதுக்குக்கா பரீட்சை?”

“சேந்தாச்சு. பாஸ் பண்ண வேண்டாமா?”

மத்தியானம் இருவரும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் மேலிடத்து அதிகாரி திட்டத்தைப் பார்வையிட வகுப்புக்கே வந்தார்.

“பயிர் செய்றவங்களுக்கும் மாணவருக்கும் நடுவில எவ்வளவு தூரம்?”

“ஒரே பெஞ்ச் சார்” என்றார் முதல்வர், பணிவோடு.

அதிகாரி பூரித்துப்போனார். அக்கா பக்கம் திரும்பினார். “மதியம் என்னம்மா சாப்பிட்டீங்க?”

“சிப்ஸ் சார். அதுலயும் பாதியை இவன் புடுங்கிட்டான்.”

“ஏன், உங்க தோட்டத்து வெள்ளரிக்கா என்னாச்சு?”

“போய்ப் பறிக்க விட்டாத்தானே சார்!”

அதிகாரிக்கு மனசு கனத்தது. பயிர் செய்தவருக்கே உள்ளூர் உணவு எட்டாத நிலை மிகவும் வருந்தத்தக்கது, இதனைக் களையத் தனியாக இன்னொரு குழு அமைக்கப்படும் என்று அங்கேயே அறிவித்தார். கைதட்டல் அடங்கவில்லை.

அக்கா எழுந்தாள். அவளைத் தோட்டத்துக்கு விடச்சொல்லிக் கேட்கப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

“சார், அந்தக் குழுவுல என் பேரையும் சேத்துக்குங்க. கூட்டம் நடந்தா நல்ல சாப்பாடு போடுவாங்களாமே?”

குச்சி சட்டென்று கையைத் தூக்கினான். அப்புறம் வகுப்பு முழுக்கக் கை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவரும் சுண்ணக்கட்டியோடு தூக்கினார். வாசலைப் போட்டது போட்டபடி ஓடிவந்து காவலாளியும் தூக்கினார்.

முதல் கூட்டத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பாடு வெகுதூரத்து ஊரிலிருந்து வண்டியில் வந்தது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, திட்டம் முழு வெற்றி என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

வெள்ளரிக்காய்களும் திட்டத்துக்குத் துரோகம் செய்யவில்லை. கொடியிலேயே மஞ்சளாகப் பழுத்து, வெடித்து, கடைசிவரை உள்ளூரைவிட்டு ஒரு அடிகூட நகராமல் இருந்தன.