ஊரே ஜெபித்த முதுகு

"சனிக்கிழமையைத் தன் கையில் வைத்திருக்கும் ஆண்மகன்..." என்று தொடங்கினார் பெரியப்பா ஐனர்.

போதகரான அவர் ஆர்விட்டின் கல்யாண விருந்தில், தேவாலயத்தின் நிலவறையில், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசிய பேச்சு அது. அந்த வாக்கியம் முடிவதற்குள் அடுக்களைப் பக்கம் காப்பி அண்டா கவிழ்ந்துவிட்டது. பெண்கள் அலறினார்கள். ஆர்விட் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மீதிப் பாதி அவர் காதில் விழவே இல்லை. பெரியப்பாவும் பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே மீதியை ஆர்விட் தாமே நிரப்பிக்கொண்டார், வருஷத்துக்கு ஒரு விதமாக. எப்படி நிரப்பினாலும் அது ஏரியில்தான் போய் முடிந்தது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏரியில் மீன்பிடிக்கத் தடை நீங்கும். நார்டால் ஊரில் அந்த நாளுக்குக் கிறிஸ்துமஸைவிட மரியாதை அதிகம். கிறிஸ்துமஸுக்கு யாரும் இரண்டு மாதம் முன்பே தூண்டில் நூலை எண்ணெய் போட்டுத் துடைப்பதில்லை. ஆர்விட் துடைப்பார். தம் படகில், கூட்டாளி எல்ராயுடன், வாய் திறக்காமல் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு வருஷமும் தவறியதில்லை.

விதி என்னவென்றால், குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஊர் மியூசியமும் அதே சனிக்கிழமைதான் திறக்கும். அதன் தொண்டர்களுக்குத் தலைவி ஆர்விட்டின் மனைவி மார்டெல்.

அந்த வருஷம் ஆள் பஞ்சம். குளிர்காலத்தில் தொண்டர்களில் இரண்டு பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் வெயில் தேடி அரிசோனாவுக்குப் போய்விட்டார். அரிசோனாவுக்குப் போனவரைத்தான் மார்டெலால் மன்னிக்க முடியவில்லை.

"ஆர்விட், திறப்பு நாளுக்கு ஆள் பத்தல," என்றாள் ஏப்ரலில், ஜன்னல் திரையை மடித்தபடி.

"அப்படியா," என்றார் ஆர்விட். அது முதல் தடவை.

"மர அலமாரி எல்லாம் நகத்தணும். இரும்பு அடுப்பு வேற," என்றாள் மே பிறந்ததும், காரில் போகும்போது.

"ம். கனமாத்தான் இருக்கும்," என்றார் ஆர்விட். அது இரண்டாவது தடவை.

நார்டாலில் 'முடியாது' என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. முதல் தடவை கேட்டால் காதில் விழாததுபோல் இருக்கலாம். இரண்டாவது தடவை பேச்சை மாற்றலாம். மூன்றாவது தடவையும் ஒருவர் கேட்டுவிட்டால் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ரொட்டித் துண்டானாலும் சரி, கல்யாணமானாலும் சரி. ஆர்விட்டும் மார்டெலும் அப்படித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஆகவே மூன்றாவது தடவை வருவதற்கு முன்பே முந்திக்கொள்வது என்று ஆர்விட் தீர்மானித்தார். அன்றிரவு உணவு மேஜையில் மார்டெல் தொண்டையைச் செருமினாள். ஆர்விட் முள்கரண்டியைக் கீழே தவறவிட்டார். எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"என்ன ஆச்சு?"

"முதுகு."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

"உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

"வை. குனிஞ்சாப்லயே சாப்பிட முடியுதான்னு பாக்கறேன்."

மார்டெல் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம். சரி, நீ ஓய்வெடு. மியூசியத்தை நான் பாத்துக்கறேன்," என்றாள்.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனிதருக்கு அந்த 'சரி'யைக் கேட்டதும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆர்விட் நிம்மதியாக உருளைக்கிழங்கைச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் ஜெபத்துக்குரியவர்களின் பெயர்களை வாசித்தார். மருத்துவமனையில் இருக்கும் திருமதி லுண்டின் இருதயம். கடல் கடந்து போயிருக்கும் அவள் பேரன். அதை அடுத்து, ஆர்விட்டின் முதுகு. சபை முழுதும் தலை குனிந்தது. முன் பெஞ்சில் ஒரு கிழவி விம்மியதுகூடக் கேட்டது. தம் முதுகுக்கு இப்படி ஒரு இடம் கிடைக்கும் என்று ஆர்விட் நினைக்கவில்லை. திருமதி லுண்டின் இருதயத்தின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீயா சொன்னே?" என்றார் வீடு திரும்பும்போது.

"யாராவது கேட்டா உண்மையைத்தானே சொல்லணும்," என்றாள் மார்டெல்.

செவ்வாய்க்கிழமைக்குள் நோயாளி வீட்டுக்கென்று ஊரார் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட பண்டத் தட்டுகள் வாசலுக்கு வர ஆரம்பித்தன. புதன்கிழமை குளிர்பெட்டியில் இடமில்லை. வியாழக்கிழமை எல்ராய் வந்தார். கையில் அவரும் ஒரு தட்டு வைத்திருந்தார்.

"முதுகு எப்படிப்பா இருக்கு?"

"கிட்ட வா. முதுகுக்கு ஒண்ணுமில்ல. சனிக்கிழமை விடியக்காலைல வந்துடு."

எல்ராய் தட்டை மெல்ல மேஜைமேல் வைத்தார். "படகுத்துறைல ஊரே நிக்கும், ஆர்விட். ஞாயித்துக்கிழமை உனக்காகக் கண்ணை மூடினவங்க எல்லாம் சனிக்கிழமை கண்ணைத் தொறந்து பாப்பாங்க."

"குணமாயிடுச்சுன்னு சொல்லிடுவோம்."

"குணமானவன் இரும்பு அடுப்பைத் தூக்கணும். நாலு பேர் வேணும், மூணு பேர்தான் இருக்காங்க."

ஆர்விட் யோசித்துப் பார்த்தார். முதுகு வலித்தால் படகு இல்லை. வலிக்காவிட்டால் அடுப்பு. தாமே தோண்டிய குழி வட்டமாக, ஏறுவதற்குப் பிடிமானமே இல்லாமல் அமைந்திருந்தது.

"சரி, படகை நீ எடுத்துட்டுப் போ. என் இடத்துல யாரு உக்காருவா? உன் மாப்பிள்ளையை மட்டும் கூட்டிட்டுப் போகாத. நகரத்து ஆளு. பேசிப் பேசியே மீனைக் கொன்னுடுவான்."

"சேச்சே," என்றார் எல்ராய் ஜன்னலைப் பார்த்தபடி. "உனக்குத் தெரிஞ்ச ஆளாத்தான் பாத்திருக்கேன்."

ஒரு தடவை இடம் விட்டால் அடுத்த வருஷமும் விட்டதுதான். நார்டாலில் தேவாலயப் பெஞ்சுக்கும் படகுப் பலகைக்கும் அதுதான் வழக்கம். அன்றிரவு ஆர்விட்டுக்கு நிஜமாகவே எங்கேயோ வலித்தது. முதுகில் இல்லை.

வெள்ளிக்கிழமை மார்டெல் மியூசியத்தைப் பெருக்கிவிட்டு வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"கஸ் போயிட்டான்."

"எந்த கஸ்?"

"மியூசியத்து டாக்டர் ரூம் கட்டில்ல நோயாளியா படுத்திருப்பானே, அந்த பொம்மை. குளிர்காலத்துல எலி பூந்துடுச்சு. வயித்துக்குள்ள குடும்பமே இருக்கு. தலை மட்டும்தான் மிச்சம்."

"அடடா."

"உன்னால தூக்க முடியாது. குனிய முடியாது. நிக்கவும் முடியாது."

"முடியாதுதான்," என்றார் ஆர்விட் வருத்தத்தோடு.

"ஆனா படுக்க முடியுமில்ல?"

முதுகு வலிக்கிறவன் படுக்க முடியாது என்று எந்த ஊரில் சொல்வான்? மேலும், எண்ணிப் பார்த்தால் இது மூன்றாவது தடவை.

"பாக்கலாம்," என்றார். நார்டாலில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

சனிக்கிழமை காலை அவரை டாக்டர் அறையில் கிடத்தினார்கள். பழைய காலத்து இரவு அங்கி. குஞ்சம் வைத்த குல்லாய். கழுத்துவரை கம்பளி. மார்டெல் போர்வையின் ஓரங்களைச் செருகினாள். கடைசியாக அவர் வாயில் ஒரு தெர்மாமீட்டரை வைத்தாள்.

"இதை எடுக்காம வெச்சிரு. அந்தக் காலத்துல அப்படித்தான்."

"ம்ம்ம்?" என்றார் ஆர்விட்.

"மத்த வேலை எல்லாம் முடிஞ்சுது. டிக்கெட்டுக்கு பெவர்லி இருக்கா. அடுப்பை நேத்தே நகத்தியாச்சு, போதகரும் கை குடுத்தார். இனிமே சாயந்திரம் வரைக்கும் யாராவது இங்க இருந்தா போதும். நீ இருக்கே." அவர் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனாள்.

கட்டிலுக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே தெரு. தெருவில் ஒரு வண்டி வந்தது. அது ஆர்விட்டின் வண்டி. அதன் பின்னால் ஆர்விட்டின் படகு. உள்ளே எல்ராய், நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டியது மார்டெல். அவள் தலையில் ஆர்விட்டின் மீன்பிடித் தொப்பி இருந்தது. அவள் ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தாள்.

ஆர்விட் எழ முயன்றார். அதே நொடியில் ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது.

"அம்மா, இவர் செத்துட்டாரா?"

"இல்லடி கண்ணு, மூச்சு விடுறார் பாரு."

"ரொம்ப வேகமா விடுறாரே."

"பாவம், முதுகு," என்றாள் அம்மா. "போன வாரம் இவருக்குத்தான் ஜெபம் பண்ணினோம்."

இப்படியே மத்தியானம்வரை. ஏரிக்குப் போகிற வழியில் ஊர் முழுவதும் வரிசையாக வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயிற்று. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். திருமதி லுண்டின் வீட்டுக்காரர்கூட வந்தார். "இருதயம் தேவலாம். உங்க முதுகைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டபோது ஆர்விட் கண்களை மூடிக்கொண்டார். நோயாளிக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

கூட்டம் ஓய்ந்த பிறகு செல்மர் வந்தார். தொண்ணூறு தாண்டிய விவசாயி. பேச்சு குறைவு என்று நார்டாலிலேயே பெயர் எடுத்தவர். அது சாதாரணக் காரியமில்லை. கட்டில் அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டார்.

"கஸ் எங்க?"

ஆர்விட் தெர்மாமீட்டரை எடுத்தார். "எலி."

"ம்."

செல்மர் கட்டிலின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"வால்டர் இந்தக் கட்டில்லதான் படுத்திருந்தான்," என்றார் செல்மர். "என் தம்பி. தொண்டை அடைப்பான். அப்ப இந்த ரூம் டாக்டர் வீட்டோட இருந்துது. ஒரு நிமிஷம் அடங்க மாட்டான். ரெண்டு தடவ கீழ விழுந்தான், காய்ச்சல்லயும். மூணாவது நாள் அசையாமப் படுத்திருந்தான். நல்ல பிள்ளையா ஆயிட்டான்னு நெனச்சேன்."

செல்மர் முழங்காலில் இருந்த தொப்பியை நேராக்கினார்.

"வருஷா வருஷம் திறக்கிற நாள்ல வந்து உக்காருவேன். கஸ்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். ஆனா கஸ் ரொம்ப அசையாம இருப்பான்."

செல்மர் போர்வையின் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்விட் யோசிக்காமலேயே போர்வைக்குள் வலது பாதத்தை ஆட்டினார். பிறகு இடது பாதத்தை.

"ஆங்," என்றார் செல்மர். "அப்படித்தான்."

கம்பளிக்கடியில் பாதங்கள் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தன. வெளியே தெருவில் ஆளில்லை. எல்லோரும் ஏரிக்குப் போயிருந்தார்கள்.

"வலிக்குதா?" என்றார் செல்மர்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஆர்விட்டால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்ல."

"தெரியும். ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா எல்லாரும் ஜெபம் பண்ணினீங்க?"

"முதுகுக்குன்னு யாரு சொன்னா?" செல்மர் எழுந்து தொப்பியை மாட்டினார். வாசலருகே நின்றார். "அடுத்த சனிக்கிழமையும் திறந்திருக்குமில்ல?"

"திறந்திருக்கும்."

"ம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில் மீன் பொரியும் மணம். மார்டெலின் மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. தலைமுடி ஏரிக் காற்றில் ஒரு பக்கமாகவே நின்றது. இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஆர்விட் நினைத்தார். கல்யாணப் படத்தில் பார்த்திருந்தார்.

"எவ்வளவு பெருசு?"

அவள் கையை விரித்துக் காட்டினாள். ஆர்விட் சட்டியில் இருந்த மீனைப் பார்த்தார். கை சொன்ன அளவே மீனும் இருந்தது. ஏரிக்குப் போய்வந்தவர்களில் அப்படிக் காட்டிய முதல் ஆள் அவள்.

"எல்ராய் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. நல்லா இருந்துது." அவள் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு மே மாசமும் மியூசியம் ஜன்னலைத் துடைச்சுக்கிட்டே அந்த ஏரி இப்ப எப்படி இருக்கும்னு நெனைப்பேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, மார்டெல். கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"கேட்டேனே. கல்யாணமான புதுசுல ஒரு தடவ. பெரியவ பொறந்தப்புறம் ஒரு தடவ."

"அப்புறம் கேக்கலையே."

"மூணாவது தடவ கேட்டா உன்னால மறுக்க முடியாது. உன்னை அப்படி மடக்க எனக்கு மனசு வரல."

ஆர்விட் தட்டைப் பார்த்தார். மீன் நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை.

"உங்க பெரியப்பா சரியாத்தான் சொன்னார்," என்றாள் மார்டெல்.

"என்ன சொன்னார்? காப்பி அண்டால எனக்குக் கேக்கலையே!"

"எனக்குக் கேட்டுது. நான் அவர் பக்கத்துலதானே நின்னேன். சனிக்கிழமையைத் தன் கையில் வைத்திருக்கும் ஆண்மகன், மறு கையில் யாருடைய சனிக்கிழமையை வைத்திருக்கிறான் என்று பார்த்துக்கொள்ளட்டும்னார்."

பெரியப்பா அப்படித்தான் சொன்னாரா, இவள் இப்போது படகிலிருந்து பிடித்து வந்தாளா, ஆர்விட்டுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெளிய, அன்று பெரியப்பாவின் பக்கத்தில் நின்ற வேறு யாரும் உயிரோடு இல்லை.

மார்டெல் இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தாள். "அடுத்த சனிக்கிழமைக்கும் எல்ராய் படகு கேட்டிருக்கார். உன் இடம் உன்னுதுதான். முதுகு சரியாயிடுச்சுன்னா சொல்லு, நீ போ. நான் மியூசியத்துல இருந்துக்கறேன். யாரையாவது கட்டில்ல போட்டுக்கலாம். இல்லாட்டி கஸ் தலையை மட்டும் தலையணைல வெச்சுடறேன்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "எப்படி இருக்கு முதுகு?"

ஆர்விட் வாயிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

முதுகு இன்னும் வலிக்கிறது என்று சொன்னார்.