மாமாவின் காலில் தீப்பற்றும் அபாயம்

ஒரு சொல்லுக்கு அர்த்தமே தெரியாதவன் பிழைத்துக்கொள்வான். பாதி தெரிந்தவன்தான் மாட்டுவான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஆங்கிலத்தில் எல்லாமே பாதிதான் தெரியும். மீதியைப் பயத்தை வைத்து நிரப்பிக்கொள்வேன். (பயத்துக்கு மட்டும் என்னிடம் பஞ்சமே கிடையாது. மழை பெய்தால் மண் சரியும் என்று பயம். பெய்யாவிட்டால் கொழுந்து வராது என்று பயம்.)

அப்போது தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் எனக்கு வேலை. டீசல் பீப்பாய்கள் இருக்கும் அறைக் கதவில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று சிவப்பில் எழுதி, பக்கத்தில் தீச்சுவாலையும் வரைந்திருக்கும். சேர்ந்த அன்றே கிராணி, அதாவது எஸ்டேட் குமாஸ்தா, அதைத் தட்டிக் காட்டினார்.

“இந்த ஒரு வார்த்தைய மறந்தே, எஸ்டேட்டே பறந்துடும்லா.”

நான் மறக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

அந்த வருடம் என் மனைவி கமலா மாசமாக இருந்தாள். முன்பு இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இதாவது தங்க வேண்டும் என்று என் மாமனார் எஸ்டேட் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டார். திருவிழா நெருங்கியபோது அவர் வலது கால் பப்பாளிப் பழம் மாதிரி வீங்கிவிட்டது. ரிங்லெட் டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இளம் டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்து, மலாயும் ஆங்கிலமும் கலந்து ஏதேதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது கடைசி வரிதான்.

“வெரி இன்ஃப்ளேம்டு. கேர்ஃபுல் ஆ?”

கதவில் இருந்த சொல் மாமாவின் காலுக்குள் எப்படிப் போனது? தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. கொடுத்த தைலமும் டீசல் மாதிரியே நாறியது. (உள்ளே தீ ஏற்கெனவே பிடித்துக்கொண்டது என்று நானே முடிவு கட்டினேன்.)

“டாக்டரு என்னா சொல்லுச்சு மாப்ளே?” என்றார் மாமா.

“நெருப்புப் பக்கமே போவக் கூடாதாம் மாமா.”

“நல்லாருக்கே! நான் நேந்துகிட்டது ஒங்க புள்ளைக்கு. எறங்காம எப்படி?”

இறங்கினால் மாமா எரிவார். இறங்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. வயிற்றில் கையை வைத்துக்கொண்டே தூங்கும் கமலாவிடம் இதை எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாமா இறங்கட்டும், பற்றினால் நான் அணைத்துவிடுகிறேன். ஸ்டோர் சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றி, சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

சாயங்காலம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. குழியில் கங்கு செக்கச்செவேலென்று கிடந்தது. உறுமி முழங்க, பூசாரி கரகத்தோடு முதலில் நடந்தார். அடுத்து மாமா. மஞ்சள் வேட்டியோடு நொண்டி வந்து, வீங்கிய காலைத் தூக்கினார். அந்தக் காலிலிருந்து புகை வந்தது. (பின்னால் நின்றவர் கையிலிருந்த சாம்பிராணிப் புகையாம். பிறகு சொன்னார்கள்.)

“மாமாவ், பத்திக்கிச்சு!”

சிலிண்டரின் பூட்டு ஊசியைப் பிடுங்கி அமுக்கினேன். எனக்கே எதுவும் தெரியாத அளவுக்கு வெள்ளைத் தூள். அது அடங்கியபோது கங்கு முழுக்க மூடியிருந்தது. மிதித்து முடித்தவர்கள் கால் நனைக்கும் பால் குழியிலும் தூள் மிதந்தது. உறுமி நின்றுபோயிருந்தது. மாமா தலைமுதல் கால்வரை வெளுத்து, தூக்கிய காலை இன்னும் இறக்காமல் நின்றார்.

“மாப்ளே, நான் இன்னும் எறங்கவே இல்லியே.”

கமலாவின் தம்பி சேகர் ஓடிவந்தான். “என்னா மச்சான் பண்ணிட்டீங்க?”

“டாக்டருதான் சொல்லுச்சு. கால் இன்ஃப்ளேமபிள்னு.”

“அய்யோ! இன்ஃப்ளேம்டுன்னா வீங்கியிருக்குன்னு அர்த்தம்! அதைச் சொல்ல டாக்டர் எதுக்கு? நம்ம கண்ணுக்கே தெரியுதுலா!”

யாரும் சிரிக்கவில்லை. குழி தீட்டாகிவிட்டது, இனி யாரும் இறங்கக் கூடாது என்றார் பூசாரி. விரதமிருந்து வந்தவர்கள் மஞ்சள் துணியோடு அப்படியே நின்றார்கள். கமலா என்னைப் பார்த்தாள்.

“நம்ம புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா...”

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. அதற்குமேல் என்னிடம் பேசவும் இல்லை.

மறுநாள் எஸ்டேட் துரை கூப்பிட்டார். “எஸ்டேட் ஆளுங்க எல்லாம் ரொம்ப இன்ஃப்ளேம்டா இருக்காங்க. கொஞ்ச நாள் கோயில் பக்கம் போவாதே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எல்லாருக்குமே கால் வீங்கிடுச்சா துரை?”

கோபத்துக்கும் அதே சொல்தானாம். அவர் முகம் சிவந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். (சிலிண்டருக்குச் சம்பளத்தில் பிடித்தபோது இன்னும் தெளிவாகத் தெரிந்துகொண்டேன்.)

பிரசவம்வரை எனக்குத் தூக்கமில்லை. கமலா ராத்திரியில் புரண்டு படுத்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். போன இரண்டு முறை யார்மீதும் பழி இல்லை. இந்த முறை பழி ஏற்க ஆள் தயார்: நான்.

பிள்ளை பிறந்தது. பெண். முதல் அழுகையே சைரன் மாதிரி ஆஸ்பத்திரிச் சுவரில் எதிரொலித்தது. வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமா சொன்னார்: “பொம்பா வண்டி வந்துருச்சு மாப்ளே.”

தீயணைப்பு வண்டியை நாங்கள் பொம்பா என்போம். உள்ளே கட்டிலில் கிடந்த கமலாவுக்கும் அது கேட்டிருக்கிறது. பல மாதம் கழித்து அவள் சிரித்த சத்தம் வந்தது. அன்றிலிருந்து மகள் சின்ன பொம்பா. பெரிய பொம்பா யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாமாவின் கால் அதற்குப் பிறகு சரியாகவே இல்லை. அவர் தீ மிதிக்கவுமில்லை. ஒவ்வொரு திருவிழாவிலும் குழியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொள்வார். “பக்கத்துலயே இருங்க மாப்ளே. பத்திக்கிட்டா எனக்கு வேற யாரு இருக்கா?”

போன வருடம் அடைமழையில் மாமா போய்விட்டார். சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிய சேகர், அழுத கண்ணோடு என் காதருகே வந்தான்.

“இன்னிக்கு வெறுங்கையோட வந்துட்டீங்களா மச்சான்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து அது அழுகையாக மாறி, எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. கட்டைகள் ஈரம். திரும்பத் திரும்பப் பற்றவைக்க வேண்டியிருந்தது. நான் பயந்த மாதிரியெல்லாம் இல்லை. மாமா அவ்வளவு லேசில் பற்றிக்கொள்ளவில்லை.