குவளையை ஆட்டாத விருந்தாளிகள்

ஐன் சுவைத்
பேரீச்சை அறுப்பு முடிந்த மாதம்

மரியாதைக்குரிய முஸப்பா மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் மவ்ஸா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நீங்களும் கம்பெனிக்காக நீங்கள் ஓட்டும் குழாய் லாரியும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். அடுத்த வரியில் நாங்களும் நலம் என்று எழுத வேண்டும் என ஷம்ஸா ஆசிரியை சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆகவே நாங்களும் நலம்.

மாமா, இதை எல்லோரும் தூங்கிய பிறகு, அரிக்கேன் விளக்கைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போர்வையில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. அதற்கு நாளை அடி உண்டு. ஆனால் இந்தக் கடிதம் வாப்பா கையில் கிடைத்தால் வெறும் அடியோடு முடியாது. விருந்தாளி எப்போது போவார் என்று தன் மகளே வெளியூருக்கு எழுதினாள் என்று தெரிந்தால் வாப்பா அப்புறம் கிணற்றடியில் யார் முகத்திலும் விழிக்க மாட்டார். ஒருவேளை ஊரைவிட்டே போய்விடுவார். வாசலில் யாராவது இருமினால்கூட விளக்குத் திரியை இறக்கிவிடுகிறேன். இருமுவது அமீர் ராக்கான்தான். அவர் தூக்கத்திலும் இருமுவார்.

அவர் யார் என்று முதலில் சொல்ல வேண்டும். வெயில் காலம் முடியும் முன்பு ஒரு மாலையில் கிழக்கிலிருந்து ஹாலம் துரை ஜீப்பில் வந்து, இந்த ஊர் கடற்கரை ஷேக்குக்குச் சொந்தம், அவருக்காகப் பேச வந்திருக்கிறேன் என்றார். வாப்பா அவருக்கு விரிப்பைப் போட்டு முடிக்கவில்லை, மேற்கிலிருந்து அமீர் ராக்கான் ஒட்டகங்களோடு வந்து, இந்த ஊர் எங்கள் மன்னருக்குச் சொந்தம் என்றார். வாப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டாவது விரிப்பையும் போட்டார். "வாங்க, இது உங்க வீடு" என்று இரண்டு பேரிடமும் சொன்னார். இரண்டு பேரும் அதை உடனே எழுதிக்கொண்டார்கள். மூன்று நாள்வரை விருந்தாளியிடம் வந்த காரியம் கேட்கக் கூடாது, அதற்குப் பிறகும் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கவே கூடாது. இது நம் வழக்கம். அவர்கள் வழக்கம் வேறு. யார் முதலில் எழுந்து போகிறாரோ அவர் ஊரை விட்டுக்கொடுத்ததாக லண்டனில் எழுதிவிடுவார்களாம். துரையின் மொழிபெயர்ப்பாளர் உம்மாவிடம் மோர் வாங்கிக் குடிக்கும்போது சொன்னார். நீங்கள் குழாய் இறக்குகிற இடத்தில் எண்ணெய் கிடைத்தால், அது யாருடைய நிலம் என்று பார்த்துத்தான் கம்பெனி கையெழுத்துப் போடுமாம். அதனால் அவர்கள் போக மாட்டார்கள், நாங்கள் போகச் சொல்ல மாட்டோம். இப்போது குளிர் தொடங்கிவிட்டது மாமா.

காப்பிதான் முதலில் தீர்ந்தது. போதும் என்றால் குவளையை ஆட்டிக் கொடுக்க வேண்டும், ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா. துரைக்கு முதல் நாள் அது தெரியாது, கண் சிவக்கச் சிவக்கக் குடித்தார். மறுநாள் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் அவர் ஆட்டவில்லை, ஏனென்றால் அமீர் ஆட்டவில்லை. முதலில் ஆட்டினால் அதையும் எழுதிவிடுவார்கள் என்று இருவருக்கும் பயம். யாருக்கு முதலில் ஊற்றுவது என்பதும் சண்டையாகிவிட்டதால் வாப்பா இரண்டு கையிலும் இரண்டு கெண்டி பிடித்து ஒரே நேரத்தில் ஊற்றினார். இடது கை பழக்கமில்லை, கட்டைவிரல் முழுக்கக் கொப்புளம். கொட்டை தீர்ந்து இப்போது வறுத்த பேரீச்சை விதையைத்தான் இடித்துப் போடுகிறோம். இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அருமை என்கிறார்கள்.

காலை வேளைகளில் கேள்வி கேட்பார்கள். "உங்க ஒட்டகம் யாரோட நிலத்துல மேயுது?" என்று துரை கேட்டார்.

"புல்லு இருக்கிற நிலத்துல" என்றார் வாப்பா.

"புல்லு யாரோடது?"

"மழை பெஞ்சாத்தானே புல்லு. மழை யாரோடதுன்னு நீங்களே விசாரிச்சு எழுதிக்கோங்க துரை."

அமீர் சிரித்தார். பிறகு அவர் முறை. தம்பி பெயரைச் சொல்லித்தான் அவர் வாப்பாவைக் கூப்பிடுவார். "ராஷித் வாப்பா, ஸகாத் வரி யாருக்குக் கட்டினீங்க? அதைச் சொல்லுங்க, தீர்ந்துபோச்சு."

"வந்து கேட்டவங்களுக்குக் கட்டினேன். ஒரு வருஷம் ஷேக்கோட ஆளு வந்தாரு, ஒரு வருஷம் உங்க ஆளு வந்தாரு. யாரும் வராத வருஷம் ஏழைங்களுக்குக் குடுத்தேன்."

திரைக்குப் பின்னாலிருந்து உம்மா மெதுவாகச் சொன்னாள்: "அப்ப ஊரு ஏழைங்களோடதுன்னு எழுதச் சொல்லு." நல்லவேளை, அமீர் இருமிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஆளுக்கொரு பேரீச்சை மரத்தில் கொடி கட்டினார்கள். நம் கறுப்பு ஆடு அமீருடைய கொடியில் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. துரை தூண்டிவிட்டுத்தான் ஆடு தின்றது என்று அமீர் புகார் எழுதினார். ஆடு மேற்கே பார்த்து நின்றது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று துரை பதில் எழுதினார். ஆட்டை விசாரிக்க வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே அன்றைய சோற்றுக்கு வேறு வழியில்லாமல் வாப்பா அதை அறுத்துவிட்டார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அதுதான் கடைசி ஆடு.

இப்போதுதான் எழுத வந்ததற்கு வருகிறேன். நாளை மதியம் எல்லைக் கமிஷன் வருகிறது. ஏதோ ஒரு மூன்றாவது தேசத்து நீதிபதிகள், கூடவே சிப்பாய்கள். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா அடுப்படிக்கு வந்து, யாரையும் பார்க்காமல், "ஸம்ஹாவை அறுத்துருவோம்" என்றார்.

"ராஷிதுக்குப் பாலு?" என்றாள் உம்மா.

"அல்லாஹ் குடுப்பான்."

"பாலை அவன் ஸம்ஹா மடியிலதானே குடுத்து வச்சிருக்கான். நீங்க அதை அறுக்கப் போறீங்க."

"வந்தவங்க பசியோட போனா நாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க இருக்கறது? சொல்லு."

உம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். மாமா, ஸம்ஹா நீங்கள் கம்பெனிக்குப் போகும்போது, அழாமல் இருந்தால் தருவேன் என்று சொல்லி என் கையில் கயிற்றைக் கொடுத்த ஒட்டகக் குட்டி. நான் அழவில்லை. உங்களுக்கு நினைவிருக்கும். இன்று இருட்டிய பிறகு அவளை ஓட்டிக்கொண்டு மணலுக்குள் போய்விடலாம் என்று கயிற்றைக்கூட அவிழ்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். எனக்கும் தனியாகப் போகப் பயமாக இருந்தது. திரும்பக் கட்டிவிட்டேன்.

ஆகவே உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். தண்ணீர் லாரிக்காரர் பகீத் மாமா விடியும்போது கிளம்புவார். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுக்கிறேன். நீங்கள் உடனே உங்கள் பெரிய துரையிடம் போய், குழியில் எண்ணெய் இல்லவே இல்லை என்று சொல்லிவிடுங்கள். பொய்தான். பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். எண்ணெய் இல்லை என்றால் எல்லை வேண்டாம், எல்லை வேண்டாம் என்றால் கமிஷன் வேண்டாம், இவர்களும் எழுந்து போவார்கள். மதியத்துக்குள் செய்தி வந்தால் ஸம்ஹா பிழைப்பாள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அல்லாஹ் உங்கள் உணவில் பரக்கத்தையும் உங்கள் டயர்களுக்கு உறுதியையும் தரட்டும். உம்மா தூங்குகிறாள், விழித்திருந்தால் ஸலாம் சொல்லியிருப்பாள். ராஷிதுக்கு இரண்டாவது பல் வந்துவிட்டது.

உங்கள் கீழ்ப்படிந்த மருமகள்
மவ்ஸா பின்த் சுஹைல்

பின்குறிப்பு: மாமா, பொய் சொல்ல வேண்டாம். பகீத் மாமா விடியலில் கிளம்பவில்லை. ஒட்டகம் அறுக்கிற வீட்டிலிருந்து சாப்பிடாமல் போகக் கூடாது என்று வாப்பா நிறுத்திவிட்டார். வாப்பா ஃபஜ்ர் தொழுகைக்கு முன்பே அறுத்துவிட்டார். நான் பார்க்கவில்லை. அண்டா கொதிக்கும் முன்பே துரையின் கம்பியில்லாத் தந்திப் பெட்டி பேசியது. உங்கள் குழியில் உப்புத் தண்ணீர்தான் வந்ததாம், மூடச் சொல்லிவிட்டார்களாம், கமிஷன் பாதி வழியில் திரும்பிவிட்டதாம். துரையும் அமீரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் குவளையை ஆட்டினார்கள். அமீர் துரையின் ஜீப்பிலேயே ஏறிப் போனார். கறி வேகும்வரை இருங்கள் என்று வாப்பா ஜீப்புக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார். ஊர் யாருடையது என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. கொடிகள் மரத்திலேயே இருக்கின்றன.

உங்கள் பங்கை உம்மா உப்புத் தடவிக் கட்டி வைத்திருக்கிறாள். பகீத் மாமா இந்தக் கடிதத்தோடு அதையும் கொண்டுவருவார்.

வாப்பா இன்னும் சாப்பிடவில்லை. இப்போதுதான் என்னைக் கூப்பிட்டு, "வந்தவங்க சாப்பிடாமப் போயிட்டாங்களே புள்ள. இந்த வீட்டுல யாராவது அவங்க போகணும்னு மனசுல நெனச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். உங்களைக் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்.