தலையணை மேல் ஏறிய லாரி வாடகை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவுடன் எழுதுவது. இங்கு யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு மனசுக்குத்தான். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

விஷயம் உங்கள் மகளைப் பற்றியது. ஒரே கடையில் இடப்பக்கம் நான் தலையணை விற்பதும், வலப்பக்கம் உங்கள் மகன் கடப்பாரை, சம்மட்டி விற்பதும், இருவருக்கும் அவளே கணக்கெழுதுவதும் தாங்கள் அறிந்ததே. சரக்கெல்லாம் ஒரே லாரியில் வருகிறது. வாடகையில் எந்தச் சரக்கின் விலைமேல் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்வதும் அவள்தான். அங்கதான் எனக்குச் சந்தேகம். எடையைப் பார்த்துப் பிரின்னு சொன்னா, அடைச்ச இடத்தைப் பார்த்துத்தான் பிரிப்பாளாம். "தம்பியோட இரும்பு ஒரு மூலையில கிடந்துச்சு. லாரியை அடைச்சுக்கிட்டு வந்தது உங்க தலையணைதானே?"ங்கிறா. ஏன் மாமா, ஊதினா பறக்கிற பஞ்சுக்கா வாடகை? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க! கூட்டும்போது சிரிக்கிறா. கணக்கு போடும்போது யாராவது சிரிப்பாங்களா? மச்சான் வேற, கேக்காமயே எனக்கு டீ வாங்கித் தர்றான். எங்கயோ இடிக்குது.

போன லோடு வந்தப்போ டேப்பும் கையுமா அளக்க வந்துட்டா. மூட்டை கொஞ்சம் சின்னதாத் தெரியட்டுமேன்னு நான் மேல ஏறி உட்கார்ந்தேன். அது ஒரு தப்பா? சாக்கு கிழிஞ்சு, உள்ள இருந்த தலையணையும் கிழிஞ்சு, தெருவெல்லாம் பஞ்சு. சுமை தூக்குறவர் தும்மித் தும்மிப் பொறுக்கினார். அந்தக் கூலியையும் என் தலையணை மேலயே ஏத்திட்டா! இப்ப விடுதிக்காரர் விலையைக் கேட்டுட்டு, "இதுல படுத்தா தூக்கம் எப்படிங்க வரும்?"னு போயிட்டார். அவர் ஆர்டரை நம்பித்தான் என் பக்கமே ஓடுது. அதுவும் போனா இடப்பக்கமும் இரும்பை அடுக்கிடுவாங்க. பயமா இருக்கு மாமா. எடைக்கணக்குதான் நியாயம்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நியாயம் என்னைக்கும் மாறாது.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசியை யாருக்கும் பங்கு பிரிக்காமல் எனக்கே அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பி.கு.: கவரை ஒட்டப் போனப்போ விடுதிக்காரர் திரும்பி வந்தார். தலையணை வேண்டாமாம், மடக்கி அடுக்குற இரும்புக் கட்டில் வேணுமாம், விடுதி முழுக்க! ஒத்துக்கிட்டேன். அடுத்த லோடுல வருது. இடத்தைப் பார்த்துப் பிரிக்கிறதுதான் மாமா நியாயமான கணக்கு, மேல எழுதினதைப் படிக்காதீங்க. ஆனா நான் கட்டிலுக்கு முன்பணம் வாங்கின கையோட உங்க மகள், "சரிங்க, இனிமே உங்க இஷ்டப்படி எடைக்கணக்கே"ங்கிறா. இவளைப் பெத்தது யாரு மாமா?