இடதுபக்க ஸ்பீக்கரில் நான்

எனக்குச் சந்தேகம் என்பதே வராது. எதைக் கேட்டாலும் பளிச்சென்று பதில் சொல்லிவிடுவேன். நல்ல குணம் என்றுதான் நான் நினைக்கிறேன். என் மனைவி ஜெசியின் கருத்து வேறு.

கொல்லயில் கிராமத்தில் வீடு கட்டி முடித்ததும், ஹாலில் தரையிலேயே நிற்கிற உயரமான ஸ்பீக்கர் ஒரு ஜோடி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மாதக்கணக்கில் யூடியூப் பார்த்து ட்வீட்டர், ஊஃபர் என்று தூக்கத்தில் உளறும் நிலைக்கு வந்திருந்தேன். பட்ஜெட்டைத் தாண்டி ஒரு பைசா கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் ஜெசி நெய்யாற்றின்கரைக் கடைக்குக் கிளம்பினாள். அவளுடைய அண்ணன் ஸ்டான்லியையும் கூட்டிக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு.

ஸ்டான்லி மச்சான்தான் எங்கள் சபைப் பாடகர் குழுவை நடத்துகிறவர். வரப்போகிற கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒருவர் மட்டும் தனியாகப் பாட நாலு வரி இருந்தது. அது எனக்குக் கிடைக்கவேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். (என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?) ஒரே சிக்கல், ஆண்கள் வரிசையில் யாரோ ஒருவருக்குச் சுருதி சேரவில்லை. யார் என்று மச்சானுக்குப் பிடிபடவில்லை. என் பக்கத்தில் நிற்கும் யோபுதான் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். யோபு சாதுவான மனிதர், பாவம், அவரே அதை நம்பிவிட்டார்.

நல்ல ஸ்பீக்கரில் போட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று போன வருட ஆராதனைப் பாட்டைப் பென்டிரைவில் கொண்டுபோனேன். கடையில் முதலில் பட்ஜெட்டுக்குள் அடங்குகிற ஜோடியில் போட்டார்கள். எல்லார் குரலும் குழைந்து ஒன்றாக, சுகமாகவே வந்தது. நான் உதட்டைப் பிதுக்கி, தெளிவு பத்தாது என்றேன். (யூடியூபில் அப்படித்தான் சொல்வார்கள்.) சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று, விலை கூடிய ஒரு ஜோடியைக் கைகாட்டினேன்.

அது பாட ஆரம்பித்ததும் புல்லரித்தது. பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக, ஆர்கன் பின்னால் என்று ஒவ்வொருவரும் கடைக்குள் வந்து நிற்பதுபோல் இருந்தது. இடதுபக்கப் பெட்டியில் மட்டும் ஒரு மனிதர், யாரைப் பற்றியும் கவலைப்படாமல், சுருதிக்கு அரையடி கீழே கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"கேட்டியளா மச்சான், யோபு," என்றேன்.

ஜெசி கண்ணை மூடிக் கேட்டாள். "யோபு இல்ல. அது நீங்களாக்கும்."

ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிப் போட்டார். இப்போது வலதுபக்கம் சுருதி இல்லாமல் பாடினேன். "பெட்டி கள்ளம் பறையில்ல சாரே," என்றார். பெட்டி பொய் சொல்லாதாம். மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

பட்ஜெட்தான் முக்கியம், முதல் ஜோடியே போதும் என்று அவசரமாகச் சொன்னேன். அவ்வளவு நேரமும் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்த ஜெசி அதைத் திறந்தாள். "இதுதான் வேணும். கூடுதல் நான் போடுதேன்."

அந்த நாலு வரி யோபுவுக்குப் போனது. அடுத்த பயிற்சியின்போது மச்சான் என்னைத் தனியே அழைத்துத் தோளில் கைபோட்டார். "அளியா, நீ வரிசையிலதான் நிக்கணும். வாய மட்டும் அசைச்சா மதி, சத்தம் வேண்டாம்."

அசைத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை நான். கிறிஸ்துமஸ் அன்று கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க அசைத்தேன். ஆராதனை முடிந்ததும் போதகர் குழுவை நிறுத்திவைத்து என்னைக் காட்டினார். "எல்லாரும் இவரப் போல வாயத் தொறந்து பாடணும்."

நான் அடக்கமாகத் தலைகுனிந்து நன்றி சொன்னேன். ஜெசி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். இப்போதெல்லாம் விருந்தாளிகள் முன்னால் நான் எதையாவது அடித்துச் சொல்ல ஆரம்பித்தால், "நல்லா வாயத் தொறந்து பாடுங்க" என்பாள். நான் அன்பாக உற்சாகப்படுத்தப்படுகிறேன் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு, பேசாமல் இருங்கள் என்று அர்த்தம்.