புளியோதரை வழியாகப் போன கார்

குழந்தைக்குப் பொம்மை வாங்க அப்பாக்களைத் தனியாக அனுப்பக் கூடாது. கூடவே விவரம் தெரிந்த ஒரு ஆள் போக வேண்டும். அன்று என்னுடன் வந்தவள் என் மகள் கோமு. அப்போது வரவிருந்த பிறந்தநாளில் அவளுக்கு எட்டு வயது முடிய இருந்தது. விவரம் தெரிந்த அந்த ஆள் அவள்தான் என்பது எனக்குத்தான் விளங்கவில்லை.

காடுமேடெல்லாம் ஏறும் ரிமோட் கார் வேண்டும் என்று கேட்டிருந்தாள். "கல்லு மேல ஏறணும்பா. ஆனா பைய போகணும். நான் பக்கத்துலயே நடந்து வரணும்." இதைவிடத் தெளிவாக எங்கள் ஆபீஸில்கூட யாரும் பேசிக் கேட்டதில்லை.

பாளையங்கோட்டைக் கடை அண்ணாச்சி இரண்டு வண்டிகளை எடுத்து வைத்தார். "இது மெதுவா போகும், ஆனா பாறையில ஏறிரும். முதல் வண்டிக்கு இதுதான் சரி. பாப்பா கைக்குப் பழகும்."

"அந்தச் சிவப்பு?"

"அது பெரியவங்க ஓட்டுதது சார். பைக்கோட போட்டி போடும்."

அதற்குப் பிறகு நான் கடையில் இல்லை. தாமிரபரணி மணலில் சாயங்கால வெயில். புழுதி பொன்னாகப் பறக்கிறது. சிவப்பு வண்டி மேடு தாண்டிக் குதிக்கிறது. காற்றில் முடி பறக்க (இருக்கிற முடிதான்) நான் கரையில் நிற்கிறேன். இந்தக் கனவில் கோமு எங்கே என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. "இவளுக்குச் சிவப்புதான் பிடிக்கும்" என்றேன். கோமு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மெதுவண்டியின் சக்கரத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் என் மனைவி சிவகாமி தடுத்து நிறுத்தினாள். "புது வண்டிக்குப் பூசை போடாம வெளிய எடுப்பாகளா?" சந்தனம், குங்குமம், முன்பக்கம் வாழைநாரில் கட்டிய மல்லிகைச் சரம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். நான் ரிமோட்டின் விசையைத் தொட்டேன். பழம் நசுங்கவில்லை. வண்டிதான் துள்ளிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. "சகுனம் அருமை" என்றேன்.

பிறந்தநாள் சாயங்காலம் மூவரும் குறுக்குத்துறை மணலுக்குப் போனோம். ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கோமு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"முதல்ல அப்பா ஓட்டிக் காட்டுதேன். ஒரே ஒரு ரவுண்டு."

கனவில் கண்டது அப்படியே நடந்தது. அதே வெயில், அதே பொன் புழுதி. கொஞ்சம் தள்ளி ஒரு குடும்பம் இலை போட்டுப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதுகூட மங்கலாக, அழகாகத்தான் தெரிந்தது. வண்டி நேரே அவர்களைப் பார்த்துப் போகிறது என்று உறைத்தபோது திருப்பினேன். திரும்பவில்லை. பூசை போட்ட வாழைநார் முன்சக்கரத்தில் சுற்றி இறுகியிருந்தது.

சரி, நிறுத்திவிடலாம். பல வருடம் ஸ்கூட்டர் ஓட்டிய கை என்னுடையது. ஆபத்து என்றால் விரல்கள் தானாக இறுக்கிப் பிடிக்கும். ஸ்கூட்டரில் அது பிரேக். இந்த ரிமோட்டில் அதுதான் வேகம்.

"அப்பா, விரல எடுங்கப்பா!" கோமு கத்தினாள். நான் இன்னும் பலமாகப் பிடித்தேன்.

இலையோடு துள்ளி எழுந்தார் அந்தக் குடும்பத்து மனிதர். "வே! வண்டிய நிப்பாட்டும்வே!"

"நிப்பாட்டிக்கிட்டுத்தான் அண்ணாச்சி இருக்கேன்!"

வண்டி புளியோதரைக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து, வறுத்த கடலை சிதற ஆற்றில் பாய்ந்தது. தண்ணீருக்கடியில் அதன் விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தது. உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாக இருந்தது. பிறகு அணைந்தது. நாலைந்து மல்லிகைப் பூ மேலே வந்து, ஆற்றோடு கொற்கைப் பக்கம் கிளம்பிப் போயின.

பேன்ட்டோடு இறங்கித் தேடினேன். இழுப்பில் எங்கே போனதோ, கிடைக்கவில்லை. கரையேறியபோது கோமு அழவில்லை. "நான் ஒரு தடவகூட ஓட்டலையேப்பா" என்றாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். வண்டியோடு நானும் போயிருக்கலாம் என்று இருந்தது.

பிறந்தநாள் பிள்ளை என்று தெரிந்ததும் அந்த மனிதர் மிச்சமிருந்த புளியோதரையை இலையில் வைத்து அவளிடம் நீட்டினார். "நீ சாப்பிடும்மா." என்னைப் பார்த்து, "உமக்குக் கிடையாதுவே" என்றார். நியாயம்தான்.

மறுவாரம் அம்மாவும் மகளும் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போய் மெதுவண்டியை வாங்கி வந்தார்கள். அது ஒவ்வொரு கல்லாகத் தாண்ட, கோமு பக்கத்திலேயே நடக்கிறாள். ரிமோட் இருக்கும் அலமாரிக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள். (சாவி எங்கே என்று எனக்குத் தெரியாது.)

எங்கள் குடும்பத்தில் இப்போது இது ஒரு சொல்வழக்கு. வயதான அப்பாவுக்கு என்று மைத்துனன் சுவர் அகல டிவி வாங்கினான். "கோமுவுக்குக் கார் வாங்கியிருக்கான்" என்றாள் சிவகாமி. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

போன மாதம் என் பிறந்தநாள். கோமு ஒரு வாட்டர்கலர் பெட்டியை நீட்டினாள். "உங்களுக்குத்தான்பா வாங்குனேன்." பெட்டி பாதி தீர்ந்திருந்தது. அவள் பத்து விரல்களிலும் நிறம். நன்றி சொல்வதற்குள் மறுபடி வாங்கிக்கொண்டு வரைய உட்கார்ந்துவிட்டாள். என் முறை வரட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.