கல்யாண ஆல்பத்தில் ஆமையார்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் தாலி கட்டினால் மட்டும் கல்யாணம் முடிந்துவிடாது. ஆமையார் வந்து மேடையேறி, வடகப் பாக்கெட்டை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போனால்தான் அது கல்யாணம். அவர் வராத கல்யாணம் ஒன்று செந்துறைப் பக்கம் நடந்ததாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. வீடியோவை ஓட்டிப் பார்த்தால் பந்தியில் எங்காவது உட்கார்ந்து ரசத்துக்குக் காத்திருப்பார்.

அவருக்கென்று ஒரு பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ரேஷன் கடைக்காரரைத் தவிர அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பாடாலூரில் வெங்காய வடகம் போட்டு விற்பவர். சின்ன வெங்காயத்தை இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், பூண்டு எல்லாம் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து வெயிலில் காயவைக்க வேண்டும். சாயங்காலம் அதை உடைத்துப் பிசைந்து, மறுநாள் மறுபடி உருட்டிக் காயவைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளைக்கு இதே கூத்து. அவர் களத்தில் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். குழம்பு தாளிக்கும்போது அந்த உருண்டையில் ஒரு கிள்ளு போட்டால் நான்கு வீடு தள்ளி இருப்பவன் "இன்னைக்கு உங்க வூட்டுல என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டு வருவான். சரக்கைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் பாக்கெட்டின் மேலிருந்த ஆமையைப் பற்றித்தான்.

அந்த ஆமையை வரைந்த பாவி நான். அப்போது பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தேன். ஒரு நாள் மொபெட்டை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, ஒரு லேபிள் போடணும். நடுவுல ஆமை."

"ஆமையாண்ணே? வூட்டுக்குள்ள ஆமை வந்தா ஆகாதும்பாங்களே. ஒரு மயிலு, கிளின்னு போட்டுக்கலாமே."

"மயிலுக்கும் வடகத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? வடகம் நின்னு நிதானமா காயணும். அவசரப்பட்டா பூசணம் பூத்துரும். நிதானத்துக்கு ஆமைய வுட்டா வேற ஆளு யாரு?"

"சனங்க வாங்கணுமே."

"பெருமாளே ஆமையா வந்து மலையத் தாங்கினாரு. இவங்க கால் கிலோ பாக்கெட்டத் தாங்க மாட்டாங்களா?"

வரைந்தேன். பெரிய கம்பெனி பாக்கெட்டுகளில் எல்லாம் மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் ஆங்கில ஆர் இருக்குமே, அதையும் அழகுக்காக ஆமைக்குப் பக்கத்தில் வைத்தேன். அது என்ன, எதற்கு என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆமையார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் போடறாங்கண்ணே."

"அவங்க அப்பா பேரு ஆர்ல ஆரம்பிக்கும். எங்கப்பா காத்தமுத்து. கே போடு."

போட்டேன். ஆமைக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் கே வந்து உட்கார்ந்தது.

விளம்பரம் என்று அவர் காலணா செலவழித்ததில்லை. "பேப்பர்ல விளம்பரம் குடுத்தா மறுநாள் அதுல வடைய மடிச்சுக் குடுத்துருவான். கல்யாண ஆல்பத்த எவன் தூக்கிப் போடுவான்?" என்பார். பரிசுப் பொருளுக்குக் கலர் பேப்பர் சுற்றுவது அவர் அகராதியில் கிடையாது. பாக்கெட்டை அப்படியே பிடித்துக்கொள்வார், ஆமை காமிராவைப் பார்க்க. மூன்று தடவை எடுக்கச் சொல்வார். வரிசையில் நிற்பவர்கள் முனகுவார்கள். செந்துறையில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அத்தை பொறுக்க முடியாமல் மேடைக்கே வந்துவிட்டார்.

"மங்கல காரியத்துல ஆமையத் தூக்கிட்டு வந்து நிக்கிறியே, நீ நல்லா இருப்பியா?"

"நல்லாத்தான்க்கா இருக்கேன். கொஞ்சம் தள்ளுங்க, ஆமை மறையுது."

என் கல்யாணத்துக்கும் வந்தார். என் மனைவி பரிமளாவுக்கு ஊர் ரஞ்சன்குடி. அவள் வீட்டில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், வடகக்காரரைக் கூப்பிட வேண்டாம் என்று. அவர் என்ன, கூப்பிட்டா வருகிறவர்? வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்தார். போட்டோக்காரர் "சார், பாக்கெட்ட எறக்குங்க" என்று கத்தியது நாதஸ்வரத்தில் அமுங்கிப்போய், இவர் இன்னும் உயரத் தூக்கினார். ஆல்பம் வந்தது. இந்தப் பக்கம் நான் ஈ என்று சிரிக்கிறேன். அந்தப் பக்கம் பட்டுப்புடவையும் மாலையும் போட்டுக்கொண்டு, கழுத்துக்கு மேல் ஆமை.

ஆல்பத்தைத் திறந்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் சண்டைதான். "பொண்ணு எங்க?" என்று யாராவது விருந்தாளி கேட்டுத் தொலைப்பார்கள். அந்த ஆளின் சரக்கு இந்த வாசல்படி ஏறக்கூடாது என்று பரிமளா தீர்ப்பு எழுதிவிட்டாள். ஆனால் குழம்பில் மட்டும் அந்த வாசனை வரும். "கடைக்காரன் எதையோ குடுத்தான், வாங்கிட்டு வந்தேன்" என்பாள். நானும் கேட்டுக்கொள்வேன்.

பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. அச்சகத்தை மூடிவிட்டு நான் எழுத்து வேலைக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் காலையில் ஆமையார் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஒரு கவரை நீட்டினார். பிரித்துப் படித்தேன்.

வக்கீல் நோட்டீஸ். வெளி மாவட்டத்து மசாலா கம்பெனி ஒன்று ஆமை மார்க் தன்னுடையது, ஆறு வருஷமாக விற்கிறோம், பதிவுக்கும் மனுப் போட்டிருக்கிறோம், நீங்கள் ஆமையை உடனே நிறுத்தாவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம் என்று எழுதியிருந்தது. கூடவே அவர்கள் லேபிளின் படம். என் ஆமையேதான். இடது முன்னங்காலை நான் கொஞ்சம் கோணலாக வரைந்திருந்தேன். அந்தக் கோணல்கூட மாறவில்லை.

"எல்லாரும் ஆமை ஆகாது ஆகாதுன்னாங்க தம்பி. இப்ப அதுக்கே ஆள் வந்துட்டான்" என்றார். அப்புறம் மெதுவாக, "ஆமை இல்லாத பாக்கெட்ட எவன் வாங்குவான்? பன்னெண்டு பேருக்கு என்ன பதில் சொல்லுவேன்?" என்றார்.

திருச்சியில் டிரேட்மார்க் வேலை பார்க்கும் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். பஸ்ஸில் போகும்போதே ஆமையார் ஒரு திட்டம் போட்டுவிட்டார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"மேடம், ஆமை போனா போவுது. 'பெரம்பலூர் சின்ன வெங்காய வடகம்'னு என் பேருக்கு எழுதிக் குடுத்துருங்க. வேற எவனும் போடக் கூடாது."

"ஊர் பேரும் வெங்காயமும் உங்க ஒருத்தர் சொத்து இல்லீங்களே. பயிர் பண்றவங்க எல்லாம் சங்கமா சேர்ந்து, இந்த மண்ணுக்குத்தான் இந்தக் குணம்னு நிரூபிச்சா புவிசார் குறியீடு கேக்கலாம். அது ஊருக்கே பொது. தனியா உங்களுதுன்னு சொல்ல இந்த ஆமை ஒண்ணுதான் இருக்கு. அதையும் வுட்டுட்டா கையில ஒண்ணுமில்ல" என்றார் வக்கீலம்மா. லேபிளைத் திருப்பிப் பார்த்தார். "இந்த கே என்ன?"

"எங்கப்பா மேடம்."

அந்த அம்மா சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "நல்ல வேளை! இந்த எடத்துல ஆர் இருந்தா இன்னைக்கு நீங்க மாட்டியிருப்பீங்க. பதிவு பண்ணின மார்க்குக்குத்தான் அது போடணும். பண்ணாமப் போட்டா சட்டப்படி தப்பு, அபராதம் வரும். யாரு சார் லேபிள் போட்டது?"

நான் மேசையிலிருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தேன். காத்தமுத்து ஐயா எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

வக்கீலம்மா விஷயத்துக்கு வந்தார். கம்பெனியின் மனு டிரேட்மார்க் ஆபீஸ் வெளியிடும் ஜர்னலில் வந்துவிட்டது. அதிலிருந்து நாலு மாசத்துக்குள் ஆட்சேபம் போட வேண்டும். பத்தொன்பது நாள் பாக்கி. யார் முதலில் பதிவுக்குப் போனார் என்பதைவிட, யார் முதலிலிருந்தே அந்த அடையாளத்தில் விற்கிறார் என்பதற்கு மதிப்பு உண்டு. அதற்குத் தேதியோடு ஆதாரம் வேண்டும்.

"பில் இருக்கா?"

"வாயாலதான் விப்பேன் மேடம்."

"விளம்பரம்?"

"வடை மடிச்சுருவாங்கன்னு குடுக்கல."

"லேபிள் அச்சடிச்ச பில்லு?"

ஆமையார் என்னைப் பார்த்தார். அச்சகத்தை மூடியபோது பில் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டேன் என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் லேபிளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்து பரிமளாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முறத்து அரிசியில் கல் பொறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பீரோவைத் திறந்தாள். ஆல்பத்தை எடுத்து என் மடியில் போட்டாள்.

"தேதியோட ஆதாரம்தானே? என் மூஞ்சி தெரியாட்டியும் பின்னால தெரியுது பாருங்க."

பார்த்தேன். ஆமைக்குப் பின்னால், மேடைச் சுவரில், தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய எழுத்து: எங்கள் பேர், அதற்குக் கீழே நாள், மாதம், வருஷம். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. முன்னால் ஆமை, கோணல் காலோடு, கேயோடு.

அன்றைக்கு என் வீட்டுக்காரியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "போதும் போதும், அந்த ஆளுக்குப் போனப் போடுங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் மொபெட்டில் நானும் ஆமையாரும் கிளம்பினோம். பாடாலூர், ரஞ்சன்குடி, அரியலூர் என்று வீடு வீடாகப் போய், "உங்க கல்யாண ஆல்பத்தக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டோம். எந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிச்சை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அவரை மேடையிலிருந்து இறங்கு என்று விரட்டியவர்கள்தான் எல்லோரும். ஒரு வீட்டில்கூட இல்லை என்று சொல்லவில்லை. செந்துறை அத்தை மட்டும் ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிபந்தனை போட்டார்.

"கேசு செயிச்சா இனிமே கல்யாணத்துக்கு ஆமையத் தூக்கிட்டு வரக்கூடாது."

"செயிச்சா இதவிடப் பெரிய ஆமையாக் கொண்டாரேன்க்கா."

"நாசமாப் போக!" என்று சொல்லிக்கொண்டே ஆல்பத்தைக் கையில் கொடுத்தார். திருச்சிக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போடவும் ஒத்துக்கொண்டார்.

வக்கீலம்மா மேசையில் ஆல்பங்களை அடுக்கினோம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு மாப்பிள்ளை, வேறு வேறு பெண், வேறு வேறு தேதி. மாறாதது ஆமையாரும் ஆமையும். கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஆட்சேபம் போய்ச் சேர்ந்தது. ஆமையார் பேரில் தனியாகப் பதிவு மனுவும் போட்டோம். அப்புறம் அது இதுவென்று வருஷத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் படங்களைப் பார்த்த கம்பெனிக்காரர்கள் தங்கள் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு, வேறு லேபிளுக்குப் போய்விட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் விட்ட பெருமூச்சில் மேசைக் காகிதமெல்லாம் பறந்தது. களத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் அன்றைக்கு வடகம் உருட்டவில்லை, பாயசம் வைத்தார்கள்.

பதிவுச் சான்றிதழ் வந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆமையார் ஒரு போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். புது லேபிள். ஆமைக்கு ஒரு பக்கம் முறைப்படி ஆர், மறுபக்கம் காத்தமுத்து. நோட்டீஸோடு வந்த அன்றைக்குப் போலவே கேட்டிலேயே நின்றார்.

"தங்கச்சி, அன்னைக்கு உன் மூஞ்சிய மறைச்சது எனக்குத் தெரியும்மா. போட்டோக்காரன் அன்னைக்கே சொல்லிட்டான். இத்தன வருசமா இந்தத் தெருவுல வண்டிய வேகமா ஓட்டிட்டுப் போயிருவேன். ஒரே ஒரு படம், திருப்பி எடுத்துக்கலாமா?"

பரிமளா விடுவிடுவென்று உள்ளே போனாள். போச்சுடா என்று நினைத்தேன். பத்து நிமிஷம் கழித்துக் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

கூடத்தில் நின்றோம். ஆமையார் இந்தத் தடவை ஓரமாக ஒதுங்கி, பாக்கெட்டை முழங்காலுக்குப் பக்கத்தில், ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி மறைத்துப் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர் காமிராவைத் தூக்கினார்.

"இருங்க" என்றாள் பரிமளா. "அண்ணே, நடுவுல வாங்க. பாக்கெட்ட மேல தூக்குங்க, ஆமை தெரியல."

அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்குள் ஆமை வந்து இரண்டு வருஷமாகிறது. நன்றாகத்தான் இருக்கிறோம்.